பொதுக் கட்டடத்துக்குள் மக்கள் எப்போது நுழைகிறார்கள்?

நூலகம், மருத்துவமனை, சமூகக்கூடம் என எது திறக்கப்பட்டாலும் 'மக்களுக்கான கட்டடம்', 'சமூக அக்கறையுள்ள வடிவமைப்பு' என்ற சொற்கள் தவறாமல் வந்துவிடுகின்றன. கட்டட வடிவமைப்பு நிறுவனங்களின் அறிமுகக் குறிப்புகளில் இவை இல்லாத பக்கத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எல்லோரும் சொல்வதாலேயே, இதற்கு என்ன பொருள் என்று யாரும் கேட்பதில்லை. மரப்பலகை பதித்த சுவர், கண்ணாடி முகப்பு, நடுவில் அகலமான படிக்கட்டு, அதில் உட்கார்ந்து சிரிக்கும் இளைஞர்கள். இப்படி ஒரு கணினிப் படமும், பொதுமக்கள் கூட்டத்தில் எடுத்த ஒரு புகைப்படமும் இருந்தால் போதும், கட்டடம் மக்களுடையதாகிவிட்டது என்று நம்பப் பழகிவிட்டோம்.

கட்டடக் கலை படிக்காதவர்களுக்காக, அந்தச் சொற்களுக்குப் பின்னால் உண்மையில் நடக்க வேண்டிய வேலை எது என்பதை இங்கே விளக்குகிறேன். என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஒரு நிறுவனம் மக்களைக் கேட்டதா என்று விசாரிப்பது பாதி விசாரணைதான். கேட்ட நேரத்தில் எந்தெந்த முடிவுகள் இன்னும் எடுக்கப்படாமல் இருந்தன என்பதையும் சேர்த்து விசாரிக்க வேண்டும்.

## வெட்டுவதற்கு முன்னும் பின்னும்

தையற்காரர் துணியை வெட்டுவதற்கு முன் உங்களை நிற்க வைத்து அளவெடுத்தால், சட்டை உங்கள் உடம்புக்கு வரும். தைத்து முடித்துவிட்டு, "பொத்தான் வெள்ளையா, கறுப்பா?" என்று கேட்டாலும் அவர் உங்களைக் கேட்டதாகத்தான் கணக்கு. ஆனால் அந்தக் கேள்விக்கு நீங்கள் சொல்லும் எந்தப் பதிலும் தோள்பட்டையின் இறுக்கத்தைத் தளர்த்தாது.

கட்டடத்திலும் முடிவுகள் ஒரு வரிசையில்தான் எடுக்கப்படுகின்றன. இந்தக் கட்டடம் தேவையா? எந்த இடத்தில்? எவ்வளவு பெரியது? உள்ளே என்னென்ன அறைகள்? இந்த முதல் கேள்விகளுக்கான பதில்களைத் தொகுத்து எழுதும் ஆவணத்தைத் தேவைக் குறிப்பு என்று அழைக்கலாம். கட்டடத்துக்குப் பணம் கொடுக்கும் அரசுத் துறையோ அமைப்போ இதைத் தயாரித்து வடிவமைப்பு நிறுவனத்திடம் கொடுக்கும். இதன் அடிப்படையில்தான் உருவம் வரையப்படுகிறது. அதன்பின் தூண், உத்தரம், குழாய், மின்சாரம். அதன்பின் ஒப்பந்தப்புள்ளி. கடைசியில் கட்டுமானம்.

இந்த வரிசைக்கு ஒரு குணம் உண்டு. மேலே இருக்கும் ஒரு முடிவை மாற்றினால் கீழே உள்ள அத்தனையும் மாறும். ஆரம்பத்தில் ஒரு அறையை வடக்கிலிருந்து தெற்குக்கு நகர்த்த ஒரு அழிப்பானும் கொஞ்சம் பொறுமையும் போதும். அஸ்திவாரம் போட்ட பிறகு அதே நகர்த்தலுக்குப் பெருந்தொகையும் பல மாதங்களும் ஆகும். மாற்றும் திறன் இறங்கிக்கொண்டே வரும். மாற்றுவதற்கான செலவு ஏறிக்கொண்டே போகும். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பேட்ரிக் மெக்லீமி இந்த இரண்டையும் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகளாக வரைந்து காட்டினார். அவர் பெயரிலேயே வழங்கும் அந்த வரைபடம் இன்றும் துறைக்குள் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது.

பெரும்பாலான பொதுமக்கள் கூட்டங்கள் இந்த வளைகோட்டின் எந்த இடத்தில் நடக்கின்றன? செலவு ஏறிவிட்ட பகுதியில்தான். இதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. நிறுவனம் வேலைக்கு அமர்த்தப்படும்போதே தேவைக் குறிப்பு முடிந்துபோயிருக்கும். நிதி ஒதுக்கீட்டுக்குக் கெடு இருக்கும். மேலும், வரைபடம் எதுவும் இல்லாமல் மக்களிடம் எதைக் காட்டிப் பேசுவது என்ற சங்கடமும் நியாயமானதே. ஆகவே அழகான ஒரு படத்தை வரைந்துகொண்டு போகிறார்கள். படத்தைப் பார்த்தவர்கள் படத்தில் இருப்பதைப் பற்றித்தான் பேசுவார்கள்: நிறம், முகப்பு, மரங்கள், வாகன நிறுத்தம். படத்தில் இல்லாத ஒன்றை, "இங்கே குழந்தையோடு வருகிறவர்கள் காத்திருக்க ஓர் அறை வேண்டாமா?" என்று, யாரும் எளிதில் கேட்பதில்லை. அச்சிட்டதுபோல் முடிந்து நிற்கும் படத்தின் முன்னால் மனிதர்கள் இயல்பாகவே அடக்கமாகிவிடுகிறார்கள்.

இதுவரை பார்த்ததன் சாரம்: முடிவுகள் வரிசையாக மூடிக்கொண்டே வருகின்றன. மக்களின் குரலுக்கு மிகுந்த மதிப்பு இருப்பது தேவைக் குறிப்பு எழுதப்படும் கட்டத்தில். ஆனால் அவர்கள் அழைக்கப்படுவது பெரும்பாலும் அதற்குப் பிறகு.

## ஏணியில் எந்தப் படி?

பயன்படுத்தப் போகிறவர்களையும் முடிவெடுப்பதில் சேர்த்துக்கொண்டு வடிவமைப்பதற்குப் பங்கேற்பு வடிவமைப்பு என்று பெயர். இதில் 'சேர்த்துக்கொண்டு' என்பதற்கு எத்தனை அர்த்தங்கள் இருக்க முடியும் என்பதை 1969இல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கர் ஓர் ஏணியாக வரைந்தார். அவர் அங்கே மத்திய வீட்டுவசதித் துறையில் மக்கள் பங்கேற்பு தொடர்பான ஆலோசகராக இருந்தவர். பங்கேற்பு என்ற பெயரில் நடந்தவற்றை உள்ளிருந்தே பார்த்தவர்.

ஏணிக்கு எட்டுப் படிகள். அடியிலுள்ள இரண்டு படிகளில் மக்களைத் தங்கள் வழிக்கு இசைய வைப்பது மட்டுமே நடக்கிறது. அதைப் பங்கேற்பு என்றே அவர் ஏற்கவில்லை. நடுவிலுள்ள மூன்றில் தகவல் சொல்கிறார்கள், கருத்துக் கேட்கிறார்கள், சிலரைக் குழுவில் உட்கார வைக்கிறார்கள். ஆனால் இறுதி முடிவு வேறிடத்தில். இவற்றை அவர் ஒப்புக்குச் செய்யும் பங்கேற்பு என்றார். மேலுள்ள மூன்றில்தான் முடிவெடுக்கும் அதிகாரத்தில் ஒரு பங்கோ முழுவதுமோ மக்களிடம் வருகிறது. நாம் புகைப்படங்களில் பார்க்கும் கூட்டங்களில் மிகப் பல நான்காம் படியில், அதாவது கருத்துக் கேட்கும் படியில், நின்றுவிடுபவை.

எல்லாவற்றையும் எட்டாம் படிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று இதைப் புரிந்துகொண்டால் அதுவும் குழப்பமே. உத்தரத்தின் கனத்தை வாக்கெடுப்பில் முடிவு செய்ய முடியாது. ஒரு மருத்துவமனையில் எங்கே நிற்கும்போது பயமாக இருக்கிறது, எங்கே வழி தவறுகிறது என்பது நோயாளிகளுக்குத்தான் தெரியும். அந்தப் பயத்தைக் குறைக்கும் சுவரை எங்கே வைப்பது என்பது கட்டடக் கலைஞருக்குத் தெரியும். நல்ல நிறுவனம் இந்த எல்லைக்கோட்டைத் தொடக்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடும்: இவை உங்கள் கையில், இவை எங்கள் கையில், இவை யார் கையிலும் இல்லை, சட்டம் முடிவு செய்துவிட்டது. இந்தத் தெளிவு இல்லாத கூட்டங்களில் மக்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள், அல்லது கோபப்பட்டுவிட்டுப் போவார்கள். இரண்டாலும் வரைபடத்தில் ஒரு கோடுகூட மாறாது.

கூட்டத்துக்கு யார் வருகிறார்கள் என்பது இன்னொரு சிக்கல். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வீட்டுத் திட்டங்கள் குறித்த பொதுக்கூட்டக் குறிப்புகளை ஆராய்ந்தவர்கள், அங்கே பேசியவர்களில் வயதானவர்கள், ஆண்கள், சொந்த வீடு உள்ளவர்கள் ஆகியோரின் பங்கு மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள பங்கைவிட அதிகம் என்று கண்டார்கள். மாலை ஏழு மணிக்கு அரங்கில் உட்கார நேரமுள்ளவர்களின் கருத்து 'மக்களின் கருத்து' ஆகிவிடுகிறது. இரவுப்பணி செய்பவர், கைக்குழந்தை உள்ளவர், பள்ளிச் சிறுவர், வாடகைக்கு இருப்பவர் ஆகியோர் அந்த அரங்கில் இல்லை. ஆகவே இதில் அக்கறையுள்ள நிறுவனங்கள் கூட்டம் போட்டுக் காத்திருப்பதில்லை. பள்ளி வாசலுக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் தாங்களே போகின்றன.

## கேட்பதோடு நிற்காமல் பார்ப்பது

மனிதர்கள் தாங்கள் செய்வதைச் சரியாகச் சொல்வதில்லை. பொய் சொல்கிறார்கள் என்பதல்ல, பழக்கமாகிவிட்டதால் கவனிப்பதில்லை. நகர வாழ்க்கையை ஆராய்ந்த வில்லியம் எச். வைட் 1970களில் நியூயார்க்கின் உயர்ந்த கட்டடங்களின் முன்னுள்ள சதுக்கங்களில் கேமராவை வைத்துப் படம்பிடித்தார். சில சதுக்கங்களில் ஏன் கூட்டம், சில ஏன் வெறிச்சோடிக் கிடக்கின்றன? அவர் கண்டடைந்த விடைகளில் முதன்மையானது கேலிக்குரிய அளவுக்கு எளியது: உட்கார இடமிருக்கும் இடத்தில் மக்கள் உட்காருகிறார்கள். நகர்த்தக்கூடிய நாற்காலி கிடைத்தால், உட்காரும் முன் அதை ஓரிரு அங்குலமாவது நகர்த்திக்கொள்கிறார்கள். வெயிலுக்காகவோ நிழலுக்காகவோ அல்ல, அது தன் இடம் என்று ஆக்கிக்கொள்வதற்காக. அந்த ஆய்வின் விளைவாக 1975இல் நியூயார்க் நகரம் இத்தகைய சதுக்கங்களில் இருக்கை வசதி வேண்டும் என்று தன் விதிகளையே திருத்தியது.

பிரேசிலின் சாவோ பாவுலோவில் ஒரு பழைய பீப்பாய்த் தொழிற்சாலையை ஓய்வு நேர மையமாக மாற்றும் வேலை 1977இல் கட்டடக் கலைஞர் லீனா போ பார்தியிடம் வந்தது. அவர் இடத்தைப் பார்க்கப் போனபோது, வார இறுதியில் குழந்தைகள் ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்கள், பெரியவர்கள் பொழுதைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். கட்டடம் எதற்காக வேண்டுமோ அது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. தொழிற்சாலையை இடிக்காமல், அந்த மகிழ்ச்சியைக் கெடுக்காத அளவுக்கு மட்டும் அவர் மாற்றங்களைச் செய்தார். விளையாட்டு வசதிகளைப் பக்கத்தில் உயர்ந்த கான்கிரீட் கோபுரங்களில் அடுக்கினார். சேஸ்க் பொம்பேயா என்ற அந்த மையம் இன்றும் நிரம்பி வழிகிறது.

இதைவிடத் துணிச்சலான ஒன்று பிரான்சின் போர்தோ நகரில் 1996இல் நடந்தது. லியோன் ஓகோக் என்ற சிறு சதுக்கத்தை அழகுபடுத்தும்படி அன் லகாத்தோன், ஜான் பிலிப் வாசால் என்ற இரு கட்டடக் கலைஞர்களிடம் கேட்டார்கள். அவர்கள் அங்கேயே உட்கார்ந்து கவனித்தார்கள், குடியிருப்பவர்களிடம் பேசினார்கள். முடிவில், சதுக்கம் இப்போதே அழகாகத்தான் இருக்கிறது, சரளைக்கல்லை மாற்றுங்கள், மரங்களுக்கு வைத்தியம் பாருங்கள், அடிக்கடி கூட்டிப் பெருக்குங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். வேறெதையும் கட்டவில்லை. பின்னாளில், 2021இல், இருவரும் கட்டடக் கலையின் மிக உயரிய விருதான பிரிட்ஸ்கர் விருதைப் பெற்றார்கள். கட்டினால்தான் வருமானம் என்ற தொழிலில், "கட்ட வேண்டாம்" என்று எழுதிக் கொடுப்பதைவிடப் பெரிய சமூக அக்கறை எனக்குத் தெரிந்து இல்லை.

சுருக்கமாக: வாயால் கேட்பது ஒரு வழி, நடமாட்டத்தைக் கவனிப்பது இன்னொரு வழி. இரண்டுமே வரைவதற்கு முன்பு நடந்தால்தான் பயன்.

## கேட்டது சுவராக மாறும் விதம்

இனி அடிப்படையான கேள்வி. மக்களிடமிருந்து பெற்றது கட்டடத்தில் எங்கே தெரிகிறது? விவரமாகப் பார்க்க ருவாண்டாவின் புட்டாரோ மருத்துவமனை நல்ல எடுத்துக்காட்டு. மாஸ் டிசைன் குரூப் என்ற நிறுவனம் வடிவமைத்து 2011இல் திறக்கப்பட்டது.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், தென்னாப்பிரிக்காவின் டுகேலா ஃபெரி என்ற ஊரில் மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய் கண்டறியப்பட்ட 53 பேரில் 52 பேர் இறந்தார்கள். நோய் மருத்துவமனைக்குள்ளேயே பரவியிருந்ததற்கான சான்றுகள் கிடைத்தன. காற்றோட்டமில்லாத காத்திருப்பிடத்தில் இருமுபவர்களும் இருமாதவர்களும் நெருக்கியடித்து உட்கார்ந்தால், குணமாக வந்தவர் நோயோடு திரும்புவார். கட்டடமே நோய்க்குத் துணைபோகிறது என்பதுதான் வடிவமைப்பாளர்கள் கையில் கிடைத்த முதல் தகவல். இது எந்தக் கருத்துக் கூட்டத்திலும் வந்திருக்காது. மருத்துவர்களோடும் செவிலியரோடும் நெருங்கி வேலை செய்ததால் வந்தது.

ஆகவே புட்டாரோவில் உள் நடைபாதைகளையே நீக்கிவிட்டார்கள். ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்குத் திறந்த வெளித் தாழ்வாரம் வழியாகத்தான் போக வேண்டும், காத்திருப்பதும் வெளிக்காற்றில். வார்டுகளில் உயரத்தில் சன்னல்கள், மெதுவாகச் சுழலும் பெரிய மின்விசிறிகள், மேலே எழும் காற்றிலுள்ள கிருமிகளைக் கொல்லப் புறஊதா விளக்குகள். கட்டில்களைச் சுவரோரம் போடாமல், அறையின் நடுவே ஒரு தாழ்ந்த சுவரை எழுப்பித் தலைமாட்டை அதன் பக்கம் வைத்தார்கள். படுத்திருப்பவர் எதிர்வரிசை நோயாளியைப் பார்க்காமல் சன்னலையும் அதற்கப்பால் மலையையும் பார்க்கிறார்.

சுவர்களில் இருப்பது அந்தப் பகுதியின் எரிமலைக் கல். உழவர்களுக்கு நிலத்தில் இடைஞ்சலாகக் கிடந்த பொருள். உள்ளூர்க் கொத்தர்கள் அதை ஒன்றோடொன்று இடைவெளி தெரியாமல் பொருத்தும் கலையை வேலையினூடே வளர்த்துக்கொண்டார்கள். மண் தோண்டுவதற்கு இயந்திரத்துக்குப் பதில் ஆட்களை அமர்த்தினார்கள். கட்டடச் செலவில் ஒரு பகுதி அங்குள்ளவர்களின் கூலியாக அங்கேயே தங்கியது. சமூக அக்கறை என்பது கட்டி முடித்த பின் கிடைக்கும் சேவையில் மட்டும் இல்லை, கட்டும் முறையிலும் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம்.

புர்கினா ஃபாசோவின் காண்டோ ஊர்த் தொடக்கப்பள்ளியின் கதை வேறு மாதிரி. அந்த ஊரில் பிறந்த பிரான்சிஸ் கேரே பெர்லினில் கட்டடக் கலை படித்துக்கொண்டிருந்தபோதே பணம் திரட்டி அதை வடிவமைத்தார், 2001இல் முடிந்தது. ஊர் மக்கள் முதலில் இசையவில்லை. மண் சுவர் மழைக்காலத்தைத் தாங்காது என்பது அவர்கள் தலைமுறைகளாகக் கண்ட அனுபவம். பள்ளி என்றால் கான்கிரீட்டில் வேண்டும். கேரே அவர்கள் அச்சத்தைத் தள்ளிவிடவில்லை. களிமண்ணில் சிறிதளவு சிமென்ட் கலந்து அழுத்திய கற்களைச் செய்தார். மழை சுவரைத் தொடாதபடி அகன்று நீளும் தகரக் கூரையைப் போட்டார். அந்தக் கூரையை உட்கூரையிலிருந்து மேலே தூக்கி வைத்ததால் இடையில் காற்று ஓடி, வகுப்பறையின் வெப்பத்தை இழுத்துச் செல்கிறது. சிறுவர்கள் அஸ்திவாரத்துக்குக் கல் சுமந்தார்கள், பெண்கள் தரையை அடித்துக் கெட்டிப்படுத்தினார்கள்.

பங்கேற்பு என்றால் மக்கள் சொன்னதை அப்படியே வரைவது என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல பதில். மக்கள் கேட்டது கான்கிரீட். அவர்களுக்கு வேண்டியிருந்தது மழையில் கரையாத, வெயிலில் வேகாத வகுப்பறை. கேட்ட பொருளுக்குப் பின்னாலிருந்த காரணத்தைக் கண்டுபிடித்ததுதான் கேரேயின் திறமை. ஆனால் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. "உங்களுக்கு உண்மையில் வேண்டியது இதுதான்" என்று சொல்லி எதையும் திணிக்க முடியும். கேரேயை மக்கள் நம்பியதற்கு அவர் அவர்கள் ஊர்ப் பிள்ளை என்பதும் காரணம். வெளியிலிருந்து வரும் நிறுவனத்துக்கு அந்த நம்பிக்கை தானாகக் கிடைக்காது. முதலில் ஒரு மாதிரியைக் கட்டிக் காட்டித்தான் அதைச் சம்பாதிக்க வேண்டும்.

## டிக்கெட் இல்லாமல் எவ்வளவு தூரம் போகலாம்?

எந்தப் பொதுக் கட்டடத்தையும் எளிதாக மதிப்பிட ஒரு வழி உண்டு. காசு கொடுக்காமல், காரணம் சொல்லாமல், ஒருவர் எவ்வளவு தூரம் உள்ளே போகலாம், எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று பாருங்கள். நார்வேயின் ஆஸ்லோவில் ஸ்னோஹெட்டா நிறுவனம் வடிவமைத்து 2008இல் திறக்கப்பட்ட ஓபரா அரங்கின் வெண்பளிங்குக் கூரை கடல்நீர் வரை சரிந்து இறங்குகிறது. யார் வேண்டுமானாலும் அதில் ஏறி நடக்கலாம். இசை கேட்க டிக்கெட் வாங்க முடியாதவருக்கும் கட்டடத்தில் ஒரு பங்கு இருக்கிறது. ஹெல்சிங்கியில் நாடாளுமன்றத்துக்கு எதிரே 2018இல் திறந்த ஊடி நூலகத்தில் புத்தகங்கள் மேல்தளத்தில். நடுத்தளத்தில் தையல் இயந்திரங்களும் முப்பரிமாண அச்சு இயந்திரங்களும் இசைப்பதிவு அறைகளும் இருக்கின்றன. நூலகத்தில் என்ன வேண்டும் என்று மக்களிடம் திட்டத்தின் ஆரம்பக் கட்டத்திலேயே கேட்டிருந்தார்கள். அதனால்தான் நூலகம் என்ற சொல்லின் எல்லையே தளர்ந்தது.

முதலில் சொன்ன அகலமான படிக்கட்டுக்கு இங்கே திரும்ப வேண்டும். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் 2019இல் திறந்த ஹன்டர்ஸ் பாயின்ட் நூலகம் படங்களில் கண்ணைப் பறித்தது. ஆனால் நாவல்கள் வைத்திருந்த அடுக்குத் தளங்களுக்குப் படியேறித்தான் போக முடியும். சக்கர நாற்காலியில் வருபவருக்கு வழியில்லை. புத்தகங்களை வேறிடத்துக்கு மாற்றினார்கள். அதே ஆண்டில் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் வழக்கும் வந்தது. உடல்நிலை எதுவானாலும் எல்லோரும் ஒரே வழியில் பயன்படுத்தும்படி அமைப்பதை அனைவருக்குமான வடிவமைப்பு என்பார்கள். அது கடைசியில் ஒட்டவைக்கும் சாய்தளம் அல்ல. தேவைக் குறிப்பு எழுதும் மேசையில் சக்கர நாற்காலியில் வருபவர் ஒருவர் இருந்திருந்தால், அந்த அடுக்குகள் வரைபடத் தாளிலேயே நின்றிருக்கும்.

## திறப்பு விழாவுக்குப் பிறகு

பிரிட்டனில் கட்டடக் கலைஞர்களின் அரச நிறுவனம் ஒரு கட்டடத் திட்டத்தின் கட்டங்களுக்கு எண் கொடுத்து வைத்திருக்கிறது. 2013இல் அந்தப் பட்டியலைத் திருத்தியபோது எண்கள் 0 முதல் 7 வரை ஆயின. பூஜ்யத்தில், கட்டடம் வேண்டுமா என்றே கேட்க வேண்டும். போர்தோவில் நடந்தது அதுதான். ஏழில், மக்கள் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு அது எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பயன்பாட்டு மதிப்பீடு என்று இதைச் சொல்லலாம்: பயன்படுத்துவோரிடம் கேட்பது, வெப்பத்தையும் ஒலியையும் மின்செலவையும் அளப்பது, எந்த அறை பூட்டியே கிடக்கிறது என்று குறித்துக்கொள்வது.

ஏழாம் கட்டம் தாளில் இருக்கிறது, நடைமுறையில் அரிது. காரணம் எளியது. கட்டடம் கைமாறியதும் நிறுவனத்தின் கட்டணம் முடிந்துவிடுகிறது. திரும்பிப் போய்ப் பார்க்க யாரும் பணம் தருவதில்லை. போய்ப் பார்த்துத் தவறு கண்டால் பொறுப்பு யாருடையது என்ற பயமும் இருக்கிறது. பணம் கொடுக்கும் அரசுத் துறைக்கோ, திறந்த கட்டடத்தைவிட அடுத்துத் திறக்கவிருக்கும் கட்டடத்தின் மீதே நாட்டம்.

ஆகவே உங்கள் பகுதியில் பொதுக் கட்டடம் ஒன்று வரப்போவதாகக் கேள்விப்பட்டால், படத்தைப் பார்ப்பதற்கு முன் தேவைக் குறிப்பைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அது யார் யாரிடம் பேசி எழுதப்பட்டது என்று விசாரியுங்கள். திறந்து ஓராண்டு கழித்து அதே நிறுவனம் வந்து பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையும், அதற்கான கட்டணமும் ஒப்பந்தத்தில் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். கையெழுத்தாவதற்கு முன் அதைச் சேர்ப்பது ஒரு பத்தி வேலை.